ஐம்பத்துநாலில் வந்திருந்தால்

அப்பா புறநகர் மின்சார ரயில் ஓட்டுநர். எண்பதுகளின் கடைசியில், நான் பதினோராம் வகுப்புப் படித்தபோது, அவர் ஓட்டிய வண்டியில் ஒரு பெண் அடிபட்டு இறந்துபோனாள். திருநின்றவூரைத் தாண்டி, வெயில் இறங்கும் நேரம். தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தவள் நடுவில் நின்றுவிட்டாளாம்.

அவர் மேல் தவறில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அப்பா வேலைக்குப் போகவில்லை. ஆவடி வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். சோற்றைப் பிசைந்தபடியே இருப்பார்.

ஒரு நாள் இயற்பியல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா கணக்கும்மா?"

"ஓடுற வண்டி ஒரே சீரா வேகம் குறைஞ்சு நிக்குதுப்பா. எவ்ளோ தூரத்துல நிக்கும்னு கண்டுபிடிக்கணும்."

குனிந்து என் தாளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எழுபத்திரண்டு கிலோமீட்டர் வேகம். நூத்தம்பது மீட்டர்ல அந்தம்மா நிக்குது. போடு."

எதிர்முடுக்கம் எவ்வளவு என்று கேட்டேன். முழு பிரேக் போட்டால் ஒவ்வொரு செகண்டும் புள்ளி எட்டு மீட்டர் வேகம் குறையும் என்றார்.

வேகம் வினாடிக்கு இருபது மீட்டர். அதன் வர்க்கத்தை எதிர்முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தேன்.

"இருநூத்தம்பது மீட்டர் வேணும்ப்பா. நீ என்ன பண்ணியிருந்தாலும் நின்னிருக்காது."

அவர் முகம் தெளியும் என்று நினைத்தேன்.

"அறுபதுல வந்திருந்தா?"

"நூத்தி எழுபத்திமூணு. அப்பவும் முடியாது."

"ஐம்பத்திநாலுல?"

போட்டேன். நூற்று நாற்பதைக் கொஞ்சம் தாண்டியது விடை. அவளுக்கும் வண்டிக்கும் நடுவே அரைப் பெட்டி நீளம் மிச்சமிருந்தது. விடையைக் கையால் மறைத்தேன். அப்பா தாளை எட்டிப் பார்த்தார்.

"நின்னுடுதா?"

"நின்னுடுது. ஆனா அந்த இடத்துல எழுபத்திரண்டுலதானே வரணும்? மெதுவா வரணும்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"தெரியாதுதான்," என்றார். "திரும்பி என்னைப் பாத்துச்சும்மா. ஓடணும்னே தோணல அதுக்கு." தாளின் மேல் கையை வைத்தார். "ஒரு கணக்குலயாச்சும் பொழச்சிக்கினு கீதே."

அடுத்த வாரம் வேலைக்குப் போனார். ஓய்வு பெறும் வரை ஓட்டினார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

என்னைத்தான் அது விடவில்லை. தொண்ணூறுகளில் வேலைக்காகத் தினமும் திருவள்ளூர் வரை ரயிலில் போனேன். திருநின்றவூர் தாண்டியதும் வண்டியின் வேகம் குறைந்தால், ஐம்பத்துநாலில் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். வெளியே ஒருத்தி புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி, நிதானமாகத் தண்டவாளத்தைக் கடந்து போவாள். முகத்தை மட்டும் என்னால் பார்க்க முடிந்ததில்லை. அது எப்படி இருந்தது என்று அப்பாவிடம் நான் கேட்கவும் இல்லை.