அக்காவின் கத்திக்கு இரும்பு தேடியது

இந்த மலரின் அட்டையில் அக்கா கையில் கத்தியோடு சிரிக்கிறார். முதலாம் ஆண்டு நினைவுக்கு அச்சிடும் படத்தில் கத்தி எதற்கு, முகத்தை மட்டும் போடலாமே என்று உறவினர் சிலர் சொன்னார்கள். அக்காவின் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மா வாய் தொறந்து சிரிச்ச போட்டோ இது ஒண்ணுதான் மாமா. கத்திய எடுத்தா சிரிப்பும் பூடும்" என்றாள். அந்தக் கத்தி வந்த கதையை நான் எழுத வேண்டும் என்பதும் அவள் உத்தரவு. குடும்பத்தில் நன்றாக எழுதக்கூடியவர்கள் எல்லோருக்கும் வேலை இருந்ததால் பொறுப்பு என்னிடம் வந்தது.

அக்கா பிறந்தது கோட்டைக்குப்பத்தில். எங்கள் நால்வரில் அவர் மூத்தவர், நான் கடைசி. நைனா கடலுக்கும் ஏரிக்கும் போய்வந்தவர். வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் எடுப்பதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. நான் எடுக்கப்போனால் நண்டுதான் என்னைப் பிடிக்கும். திருமணமாகிப் பழவேற்காட்டுக்குப் போனார். அவர் கணவர் நெஞ்சுவலியில் திடீரென்று காலமானபோது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். காரியம் முடிந்ததும் அக்கா மார்க்கெட்டில் அருவாமணையைப் போட்டு உட்கார்ந்தார். வாங்குகிறவர்களுக்கு மீனைச் செதில் எடுத்துத் துண்டு போட்டுத் தருவது தொழில். அதிலேயே மகளைப் படிக்கவைத்தார், கட்டிக்கொடுத்தார், என்னையும் அவ்வப்போது திட்டிக்கொண்டிருந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய முழங்கால்கள் மடங்க மறுத்தன. இனி தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்காராமல் அருவாமணையில் எப்படி வெட்டுவது? கடையை விட்டுவிடும்படி மகள் கெஞ்சினாள். அக்கா கொஞ்ச நாள் வீட்டில் இருந்து பார்த்தார். பிறகு ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, என் மனைவி நறுக்கிவைத்திருந்த வெங்காயத்தை மறுபடி பொடியாக நறுக்கினார். நறுக்கிக்கொண்டே சொன்னார்.

"நின்னுகினே வெட்டறாப்புல ஒரு கத்தி வேணும்டா. மேசை போட்டுக்கறேன். கத்தி கைக்கு அமைஞ்சா கட. அமையலன்னா வூட்லயே குந்திக்கிறேன். அப்புறம் ஒரு வார்த்த கேக்கமாட்டேன்."

அக்கா ஒரு வார்த்தைகூடக் கேட்கமாட்டார் என்பதை யார் நம்புவது? ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட்டார்.

கடையில் விற்கும் கத்திகள் கொடுவா மீனின் முள்ளெலும்பில் பட்டு வளைந்தன. சொல்லித்தான் செய்யவேண்டும் என்றானது. எந்த இரும்பு நல்லது என்று கண்டுபிடிக்கும் பதவியை நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன். செல்போனில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் கத்தி செய்யும் காட்சிகளைப் பார்த்தேன். அவர் பேசியது ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சரியான இடங்களில் தலையாட்டினேன். மூன்று துண்டுகள் சேர்ந்தன: லாரியின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டையில் உடைந்த ஒன்று, தச்சர் தூக்கிப்போட்ட அரம், ஐஸ் பேக்டரியில் கழித்துப்போட்ட மேசையிலிருந்து ஒரு கனமான எவர்சில்வர் தகடு.

எங்கள் ஊரில் ஜன்னல் கம்பி, சைக்கிள், மின்விசிறி எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்றுவிடும். அதனால் இரும்பு நல்லதா என்று யாராவது கேட்டால், துரு பிடிக்குமா பிடிக்காதா என்பது மட்டும்தான் எங்கள் காதில் விழும். மூன்றையும் கயிற்றில் கோத்து, ஏரியில் வலை கட்டும் கழியில் தொங்கவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் தூக்கியபோது பட்டையும் அரமும் செம்மண்ணில் புரண்டதுபோல் இருந்தன. எவர்சில்வர் பளபளத்தது. குப்பமே வந்து பார்த்து, இதுதான் என்றது. அக்காவும் இதுதான் என்றார்.

கிரில் பட்டறையில் தகட்டை அறுத்துத் தேய்த்தோம். கைப்பிடிக்கு அளவெடுக்க, பிசைந்த சப்பாத்தி மாவை அக்கா இறுக்கிப் பிடித்தார். விரல் பதிந்த அந்த உருண்டையைப் பார்த்துத் தச்சர் மரத்தைச் செதுக்கினார். அப்புறம் மாவை என் மனைவி சப்பாத்தியாக்கிவிட்டாள். கொஞ்சம் மரத்தூள் வாசனை.

புது மேசை, புதுக் கத்தி. மார்க்கெட்டே கூடியது. முதல் மீன் அழகாகத் துண்டானது. நான் கை தட்டினேன். இரண்டாவது மீனில் அக்கா தோளைப் போட்டு அழுத்தினார். மூன்றாவதில் கத்தி மீனைத் தடவிக்கொடுத்தது.

பக்கத்துக் கடை மல்லிகா எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணா, அக்காவுக்கு தோச கரண்டியா செஞ்சாந்துகீற?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கத்தியைக் கழுவி மேசைமேல் வைத்தார். "வாடா, வூட்டுக்குப் போலாம்" என்றார். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்குப் போகவில்லை. ஆட்டோவைப் பொன்னேரிப் பக்கம் திருப்பச் சொல்லி, ஒரு கொல்லர் பட்டறையில் இறக்கினேன். மூன்று துண்டுகளின் கதையையும் கேட்ட ஆசாரி பெரிதாகச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "இந்த எவர்சில்வர எவ்ளோ காய்ச்சினாலும் கெட்டிப்படாதும்மா. அரம் கூரு நிக்கும், ஆனா எலும்புல பட்டா பல்லுபல்லா உதுரும். லாரிப் பட்டையக் காய்ச்சி எண்ணெயில தோச்சா உளி மாதிரி நிக்கும். ஆனா உங்க ஊரு உப்புக்கு ஒரே ராத்திரில செவந்துடும். அதான் ரோசனையா கீது."

"செவக்கட்டும்" என்றார் அக்கா. "காலைலேர்ந்து என் கைலதான இருக்கப்போவுது? மீனுக்கு மீன் தொடைக்கிறேன், சாயந்தரம் எண்ண பூசறேன். துரு புடிக்க அதுக்கு நேரம் ஏது?"

"நானும் அதத்தான் சொல்லவந்தேங்க்கா."

"நீ வாய மூடிகினு இரு. அதுவே போதும்."

பட்டைக் கத்தி கறுப்பாக, கனமாக வந்தது. அழகு என்று சொல்லமுடியாது. மறுநாள் மார்க்கெட்டில் அக்கா மேசைமுன் நின்று ஒரு பெரிய கொடுவாவின் தலையில் வைத்து ஒரே அழுத்து அழுத்தினார். கத்தி பலகையில் போய் நின்றது. அட்டையில் நீங்கள் பார்க்கும் சிரிப்பு அந்த நேரத்தில் வந்தது. எவர்சில்வர் கத்தி என் வீட்டில் துருவே இல்லாமல் இருக்கிறது. மல்லிகா சொன்ன வேலையைத்தான் செய்கிறது.

அதன்பின் கடைசிவரை அக்கா நின்றுகொண்டே வெட்டினார். அவர் வெட்டித்தந்தால்தான் வாங்குவேன் என்று அனுப்பம்பட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் இருந்தார்கள். வயதானவர்களுக்கு முள் எடுத்துத் தருவார், சண்டை போடுகிறவர்களுக்கு முள்ளோடு தருவார். போன ஆண்டு காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயும் சாப்பாட்டு மீனைப் பார்த்து, "எவன்டா இத வெட்டனது?" என்று கேட்டார். அடுத்த சில நாட்களில் தூக்கத்திலேயே விடைபெற்றுக்கொண்டார்.

அன்று கடைகளைச் சாத்திவிட்டு வந்த மார்க்கெட் பெண்களுக்கும், அழுதுகொண்டே எல்லோருக்கும் காபி கொடுத்த மல்லிகாவுக்கும், அக்காவை அதட்டாமல் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், பொன்னேரி ஆசாரிக்கும், பாடையைத் தோள்மாற்றிச் சுமந்த குப்பத்து ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்கா நின்ற இடத்தில் இப்போது அவர் மகள் நிற்கிறாள். அக்காவின் கத்தி அவள் கைக்குக் கொஞ்சம் பெரிது. அதனால் அவளுக்கென்று ஒன்று அடிக்கச் சொல்லியிருக்கிறோம். இரும்பைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காகவும் என் மனமார்ந்த நன்றி.