தம்பி நீட்டிய கொள்ளி

என் தம்பி கவரைப்பேட்டைப் பக்கம் ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் முதன்முதலாக நின்றபோது, அவனுடைய மேடைப் பேச்சை எழுதிக் கொடுத்தவன் நான். அப்போது நான் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்ற கல்லூரி ஆசிரியன்; அவன் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவன். முதல் பத்தியை மட்டும் வாசித்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு, தொழிற்சாலை வாசல்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் காத்து நிற்கும் வெயிலைப் பற்றி அவன் பாட்டுக்குப் பேசினான். கைதட்டல் அங்கிருந்துதான் தொடங்கியது. ஒன்றியத் தலைவர், சட்டமன்ற உறுப்பினர் என்று அவன் உயர்ந்தபோதெல்லாம் அந்தக் கைதட்டல் எனக்குக் கேட்டது.

அம்மா கடைசி ஆறு ஆண்டுகள் கும்மிடிப்பூண்டியில் என்னுடன் இருந்தார். குளிப்பாட்டியதும் சோறு பிசைந்து ஊட்டியதும் நான். காலையில் கண் விழித்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: "இன்னாப்பா, தம்பி பேப்பர்ல வந்துகீறானா?" வந்திருந்த நாள்களிலும் சில முறை "இல்லம்மா" என்றிருக்கிறேன்.

எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பார்கள். அப்பாவுக்கு நான் வைத்தேன். அம்மாவுக்கும் நானே வைக்க வேண்டுமென்று விரும்பினேன். அவர் இறந்த அன்று சட்டமன்றம் நடந்துகொண்டிருந்தது. மதியம் கடந்தும் தம்பி வரவில்லை. தெருமுனைக் கண்ணீர் அஞ்சலிப் பேனரில் அம்மாவின் படத்தைவிட அவன் படம் பெரிதாக இருந்தது.

தாய்மாமனிடம் என் விருப்பத்தை மெல்லச் சொன்னேன்.

"சும்மா இரு வாத்தியாரே. எம்எல்ஏ வராம எப்பிடி எடுக்கிறது? ஊரே அவனுக்காவத்தான் நின்னுகினு கீது. நீ வெச்சா பேப்பர்ல வருமா?"

மூன்று மணிக்குத் தம்பி வந்தான். சுடுகாட்டில் கொள்ளியைக் கையில் வாங்கியவன் என் பக்கம் திரும்பினான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"நீயே வைண்ணா. கூட இருந்து பாத்துக்கினது நீதானே."

நான் விரும்பியது அதுவே. ஆனால் அது அவன் கையிலிருந்து, அவன் ஆட்கள் முன்னிலையில், வாரியப் பதவி ஒன்றை ஒதுக்குவது போல வந்ததாக எனக்குப் பட்டது.

"வழக்கப்படியே நடக்கட்டும்," என்றேன்.

"பெரியவருக்கு இன்னா பெரிய மனசு, பாத்தியா? தம்பிக்கே வுட்டுக் குட்த்துட்டாரு," என்றார் பின்னால் ஒருவர். நான் மறுக்கவில்லை.

தம்பி குனிந்தான். கொள்ளி சிதையில் பதியாமல் இருமுறை விலகியது. யாராவது அவன் மணிக்கட்டைப் பிடித்திருக்கலாம். மிக அருகில் நின்றவன் நான்தான். என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.