ஸ்பிரிட்டில் கலந்த தண்ணீர்

பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். என் அக்கா வீட்டுக்காரரோ ஸ்பிரிட் பாட்டிலையே வீட்டுக்குள் வைத்திருந்தார். சந்தேகப்படாமல் வேறென்ன செய்வது?

மாமா பார்சல் ஆபீசில் பெட்டிகளின் மேல் முகவரி எழுதுகிறவர். பன்னிரண்டு வருடம் குடித்தார், விட்டு இரண்டு வருடம் ஆகிறது. இன்னொரு தடவை தொட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். அவள் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை.

குடியை விட்ட கை சும்மா இருக்குமா? ஆபீசில் காய்ந்துபோன மார்க்கர் பேனாக்களைச் சட்டைப்பை நிறையக் கொண்டுவருவார். உடைத்து, உள்ளே இருக்கும் பஞ்சுத் திரியை நறுக்கி, ஸ்பிரிட்டில் மூன்று நாள் ஊறவைத்துப் பிழிந்தால் மை தயார். வெள்ளை டைல்ஸ் மேல் சொட்டு சொட்டாக விட்டு, ஸ்ட்ராவால் ஊதுவார். நிறங்கள் ஓடி ஒன்றோடொன்று கலந்து பூப்பூவாக விரியும். நன்றாகத்தான் இருக்கும், நான் பாராட்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். "பாட்டில் தெனமும் குறையுதுடா. வந்து நீயே மோந்து பாரு."

போனேன். மாமா வாயில் ஸ்ட்ராவோடு குனிந்திருந்தார். கண் சிவந்திருந்தது. படம் பார்க்கிற சாக்கில் அவர் முகத்தருகே மூக்கை நீட்டினேன். அறை முழுக்க ஸ்பிரிட் நெடி. அதில் வாய் நாற்றத்தை எங்கே தேடுவது?

அன்றைக்கு மை ஓடவில்லை. முத்து முத்தாகத் திரண்டு நின்றது. மறுநாள் ஒரு கடைக்கு நாற்பது டைல்ஸ் கொடுத்தாக வேண்டும். வேறொரு மையை விட்டுப் பார்த்தார், அதுவும் அப்படியே. பிறகு ஸ்பிரிட் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார். நொடியில் காய வேண்டிய ஈரம் காயவே இல்லை.

"இதுல யாரு தண்ணி ஊத்தினது?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"நான்தான்," என்றாள் அக்கா. அந்தக் காலத்தில் அவர் ஒளித்துவைத்த பாட்டிலில் பாதியைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் நிரப்புவாள், போதை பாதியாவது குறையட்டும் என்று. பழக்கம் விடவில்லை.

"அடிப்பாவி, இதைக் குடிச்சா போதை ஏறாது, ஆளே போயிடுவான்!"

"அப்ப ஏன் குறையுது?"

"மூடியைத் திறந்து வச்சா காத்துலயே போயிடும்."

"ஓ, காத்து குடிச்சிடுச்சா மாமா?" என்றேன். எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "அப்பவும் ஊத்துவே. எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"மொத வாய்லயே தெரிஞ்சிடும். ஒரு நாளாவது யாரு ஊத்தினதுன்னு கேட்டிருக்கேனா? கேட்டா, குடிச்சதை ஒத்துக்கணுமே."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருடம் கேட்காத கேள்வியை இன்றைக்கு இந்த மனிதர் ஊரைக் கூட்டிக் கேட்டுவிட்டார். அவளுக்கு அழுகை வந்தது, எனக்கு வெட்கமாக இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா மரம் மாதிரி நிக்கிறே? ஓடிப்போய் மாமாவுக்கு ஒரு பாட்டில் ஸ்பிரிட் வாங்கிட்டு வா. பெரிய பாட்டிலா வாங்கு."