காணாமல் போகாத பசு

தெருவில் மாட்டு மணி கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது வெள்ளைக்காரன் காலம். சிறுமியான என்னை அப்பா எருமப்பட்டியிலிருந்து கொல்லிமலைக்கு அழைத்துப்போனார். காட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நடக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. உச்சியில் நாலைந்து புல்வீடுகள், பலாப்பழ வாசனை. கீழ்நாட்டுக்காரர்கள் மாடு தேடித்தான் அங்கே ஏறுவார்கள்.

"மாடு தொலஞ்சு போச்சுங்களா சாமி?" என்று கேட்டார் ஊர்ப்பெரியவர்.

சும்மா வந்தோம் என்று சொல்ல அப்பாவுக்குக் கூச்சம். "ஆமாங்க, செவலைப் பசுவுங்க" என்றார்.

ஊரே வேலையைப் போட்டுவிட்டு எங்களோடு கிளம்பியது. இல்லாத பசுவை "லட்சுமீ" என்று கூவிக்கொண்டு, இரண்டு நாள் அப்பா காடெல்லாம் அலைந்தார்.

வீடு திரும்பியதும், "மலை எப்படீங்க இருந்துச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"மாடு தேடறவன் மலையை எங்க பாக்கறது?" என்று எரிந்து விழுந்தார் அப்பா.

தெருவில் மணிச்சத்தம் இப்போது வாசலுக்கே வந்துவிட்டது; சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். செவலைதான்.