பேட்டரி இல்லாமல் அளந்தது

மனைவி குவைத்தில் நர்ஸ். அவள் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லாமல்தான் ரிமோட் கார் ஓட்டப் பழகினேன். ஆராதனை முடிந்த ஞாயிறுகளில் நெய்யாற்றங்கரைப் பக்கம் ஒரு ஆடிட்டோரியத்தின் கார் நிறுத்தும் தரையில் நாலைந்து பேர் ஓட்டுவார்கள். நானும் போவேன்.

போன முறை என் காரின் பின்பக்கம் வளைவில் வழுக்கிச் சுற்றி, இன்னொருவர் காரின் முன்சக்கரத்தை உடைத்துவிட்டது. கூட்டத்தில் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணன், சொன்னார்: "இனியும் சுத்துனா எங்க கூட விட வேண்டாம், கேட்டியா மக்கா. தனியா ஓட்டிக்கோ."

வீட்டில்தான் தனியாக இருக்கிறேனே.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். காருடன் வந்த இங்கிலீஷ் தாள் எனக்கு எட்டாது. மலையாள வீடியோ பார்த்துச் சமையலறை மேடையில் வைத்துச் சரிசெய்தேன். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் மயிரிழை உயரம். சக்கரங்களின் மேல்பகுதி சற்றே உள்சாய்வு. ஸ்க்ரூடிரைவர் முனையால் பின்பக்கத்தை நடுவில் தூக்கினால் இரு சக்கரமும் ஒன்றாக எழும்ப வேண்டும். எழும்பின.

ஞாயிறன்று அண்ணன் அதேபோலத் தூக்கினார். இடது சக்கரம் தரையிலேயே நின்றது.

"எலே, பேட்டரி போட்டாக்குமா அளந்தது?"

"இல்ல அண்ணா. தீப்பிடிச்சிருமோன்னு பேட்டரிய முற்றத்தில மண்பானைக்குள்ள வச்சிருந்தேன்."

"பானைக்குள்ளயா? என்ன, மீன்கொழம்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேட்டரி காரின் இடதுபக்கம் உட்காரும். அந்தக் கனம் இல்லாமலே வாரம் முழுக்க அளந்திருக்கிறேன்.

"எல்லாத்தையும் ஒண்ணாத் திருகாத. ஒண்ண மாத்து, ஓட்டிப் பாரு, பொறவு அடுத்தது," என்றுவிட்டு அண்ணன் ஓட்டப் போனார்.

ஓரமாக உட்கார்ந்து முன் இடது ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்தைக் கொஞ்சம் இறக்கினேன். கூடிப்போனதோ என்று ஏற்றினேன். மறுபடி இறக்கினேன். கார் சரியானபோது அவர்கள் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"மழை வருது மக்கா, நாங்க போறோம். நீ ஓட்டு."

ஓட்டினேன். அதே வளைவில் முழு வேகத்தில் விட்டேன். சுற்றவில்லை. இன்னொரு தரம் விட்டேன், சுற்றவே இல்லை. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. வீடியோ எடுக்கலாமென்றால் இரண்டு கையும் ரிமோட்டில்.

சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஓடிச்சா?"

"ஓடிச்சு. சுத்தவே இல்ல."

"அவங்க பாத்தாவளா?"

"பாத்தாவ," என்றேன்.