பொட்டலக் காகிதத்தில் பறக்கிறவன்

இந்தக் கண்டோன்மெண்டில் வறுத்த கடலை வாங்கித் தின்றுவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால், கால்சட்டைக்கு மேலே ஜட்டி போட்ட ஒருவன் பறந்துகொண்டிருப்பான். நம் வடாற்காட்டில் பொட்டலத்தில் தேர்தல் நோட்டீசும் பழைய பஞ்சாங்கமும்தான் வரும். இங்கே சட்டைக்கார ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறிப் போகின்றன. போகும்போது பிள்ளைகளின் காமிக் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடுகின்றன. அவற்றை வாங்கும் பழைய பேப்பர் கடையில் கட்டுக் கட்டுவது என் வேலை.

ஐந்தாவதோடு நின்றவன் நான். இங்கிலீஷ் ஓடாது, படம் பார்ப்பேன். முகமூடிக்காரன் ரயிலைத் தோளால் நிறுத்துகிறான், பிறகு கதவுக்குப் பின்னால் உடை மாற்றிக்கொண்டு ஆபீசில் முதலாளியிடம் திட்டு வாங்குகிறான். இந்தப் புத்தகங்களை வாங்க வரும் கன்னடக்காரக் குமாஸ்தா ஒருவர், ஒருநாள் பக்கத்தைத் தடவியபடி, "அப்பா அம்மா இல்ல, தும்ப கஷ்ட" என்றார், ரொம்பக் கஷ்டம் என்று. அவர் தன்னைச் சொல்கிறார் என்று நினைத்து, மனசு கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, முகமூடிக்காரனைத்தான் சொன்னேன் என்றார்.

கோலாரிலும் ஹூப்ளியிலும் கிடைத்த வேலை செய்துவிட்டு இந்த ஊருக்கு வந்தேன். பெண்சாதி பூங்காவனத்தை அழைத்துவரப் போனபோது, குப்பைக் காகிதம் பொறுக்குகிறவனோடு மகளை அனுப்ப முடியாது என்று மாமனார் சொல்லியிருந்தது காதில் விழுந்தது. கம்பெனியில் வேலை என்று சொல்லிவிட்டேன். நடைபாதையில், கம்பெனி ஆட்கள் போடுவது மாதிரி பழைய காக்கி உடுப்பு ஒன்று வாங்கினேன். காலையில் ஆலைச் சங்கு ஊதியதும் அடுகோடியில் இருக்கும் வாடகை வீட்டிலிருந்து காக்கியில் கிளம்புவேன். கடைக்குப் பின்னால் அதை ஆணியில் மாட்டிவிட்டு, கிழிந்த பனியனும் லுங்கியுமாக வேலை செய்வேன். சாயங்காலம் மறுபடி காக்கி.

போன வருஷம் ஊரிலிருந்து வந்த ஆளிடம் மாமனார் சொல்லி அனுப்பியிருந்தார், மச்சானையும் என் கம்பெனியில் சேர்த்துவிடச் சொல்லி. சோற்றைப் போட்டுவிட்டுப் பூங்காவனம் அதைச் சொன்னாள். பேச்சை மாற்ற, பொட்டலக் காகிதம் ஒன்றை அவளிடம் காட்டினேன். முகமூடி போட்டதும் கூடவே இருக்கிற புருஷனைப் படத்தில் இருக்கிற இவளுக்கு அடையாளம் தெரியவில்லையாம், என்ன பொம்பளை என்று சிரித்தேன்.

அவள் என் காக்கியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாம இருக்குமா? அவன் துணியத் தோய்க்கிறவ அவதான? கேட்டா தலகுனிஞ்சிடுவான்னு கம்முனு கீறா."

மடித்த காக்கியைத் தட்டிக் காட்டினாள்.

"ஒன் காக்கியில ஒருநாளாச்சும் எண்ணெக் கற பட்டிருக்காய்யா? பேப்பர் தூசிதான் வருது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "தம்பிய வரவேணான்னு அந்த ஆளுகிட்டச் சொல்லிட்டேன். கம்பெனியில இப்ப ஆள் எடுக்கலன்னு."

அப்பனிடம் பொய் சொல்லத் தெரியாதவள். அவளையும் சொல்ல வைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் சங்கு ஊதினால் லுங்கியோடுதான் கிளம்புகிறேன். காக்கி பெட்டிக்குள் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது ஓசூர் தாண்டி பஸ் டீக்கடையில் நிற்கும். கொட்டகைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வருவேன். பூங்காவனம் லுங்கியை வாங்கிக் கூடைக்கு அடியில் வைப்பாள். கழுத்துப் பொத்தானைப் போட்டுவிடுவாள், என் முகத்தைப் பார்க்காமல்.