துளி விழும் வரை

தமிழ் அறிவியல் கதைகளுக்கு வாசகர்களே ஓட்டுப் போட்டுத் தரும் பரிசில், இந்த ஆண்டு இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்து கதைகளில் ஒன்று வாசுகியுடையது. மலேசியாவின் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் பதினொரு ஆண்டாக வேலை செய்பவள். ஐந்தையும் அறிந்தவர்தான் ஓட்டுப் போடலாம் என்பது விதி. அதனால் சுங்கை லாலாங்கிலிருந்து கிளம்பும் தொழிற்சாலை பஸ்ஸில், தினம் ஒரு கதையாக, நாற்பது பேருக்கும் உரக்கப் படித்தாள்.

"ஒங்க கதைய மட்டும் படிங்கக்கா, ஓட்ட அள்ளிரலாம்" என்றாள் பக்கத்து இருக்கை ஷாந்தினி. வாசுகி முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை தன் கதையைப் படித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை, மெர்கோங்கில் இருக்கும் பிரேமினி என்பவருடைய கதை. ஈர்ப்பு மிகக் குறைந்த குட்டிக் கோள் ஒன்றில் ஒருத்தி பால் மரம் வெட்டுகிறாள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. கீறிய பட்டையிலிருந்து ஒரு துளி கோப்பையில் விழ ஒரு பகல் முழுக்க ஆகிறது. அவள் காத்திருக்கிறாள். பஸ்ஸில் ஓர் இருமல்கூட இல்லை.

வாசுகி நிமிர்ந்தபோது தொழிற்சாலை வாசல் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"பரஞ்சோதிண்ணே, கேட் தாண்டிருச்சு!" என்றாள்.

"தாண்டட்டும்லா" என்றார் ஓட்டுநர். "துளி விழுந்துச்சா இல்லியா, அத மொதல்ல சொல்லும்மா."

அன்று மாலை வாசுகி தன் ஓட்டைப் பிரேமினிக்கே போட்டாள். தன் கதையைப் படித்த திங்கட்கிழமை, பஸ் சரியாக ஏழு மணிக்கு வாசலில் நின்றிருந்தது.